வால் வீசிய வீடுகள்

சுகுணா ஸ்டியரிங்கைக் கையில இருந்து விட்டுட்டு மறுபடி பிடிக்கக் கத்துக்கிட்ட அன்னிக்கு மத்தியானம், எங்க தெருவுல வெல்டிங் காளியண்ணன் வீடு, கட்டின நாள்ல இருந்து தெற்கே பார்த்தே நின்ன வீடு, பின்பக்கத்தை மெதுவா ஒரு வீசு வீசி, கிழக்கே பார்த்துத் திரும்பி உட்கார்ந்துச்சு. அடுப்புல இருந்த ரசம் தளும்பலை, தொட்டில்ல கிடந்த குழந்தை முழிக்கலை, சுவத்துல மாட்டியிருந்த மாமனார் போட்டோ கூடச் சாயலை. காளியண்ணன் பொண்டாட்டி தேவகி பாத்திரம் கழுவின தண்ணியை வாசல்ல ஊத்த வந்தவ, எப்பவும் எதிர்ல தெரியற என் வீட்டுக்குப் பதிலா மாரியம்மன் கோயில் வேப்பமரம் தெரியறதைப் பார்த்துட்டு, "ஏனுங் பாக்கியத்தக்கா, உங்க வீடு எங்கீங்க போச்சு"ன்னு தலையை நீட்டி என்னையே கேட்டா. நான் என் வாசல்லதானே நிக்கறேன். "என் வீடு எங்கயும் போகலை, உன் வீடுதான் போயிருக்குது, நல்லாப் பாரு"ன்னேன். பார்த்தா. "அட ஆமாங்"ன்னுட்டு தண்ணியை ஊத்திட்டு உள்ள போயிட்டா.

எங்க ஊரு லாரி ஊரு. பாடி கட்டறவன், டயர் ஒட்டறவன், லோடு ஏத்தறவன், ஓட்டறவன், ஓட்டி ஓட்டி முதுகு போனவன், இவனுங்களைக் கட்டிக்கிட்டு ஹாரன் சத்தத்தை வெச்சே எவன் வண்டி வருதுன்னு சொல்ற பொம்பளைங்க, இதுதான் எங்க தெரு. எங்க ஆம்பளைங்க தூக்கத்துல பதறி எந்திரிக்கறாங்கன்னா அதுக்கு ஒரே கனவுதான் காரணம், மழையில மலை இறங்கறப்ப வண்டியோட பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு வீசிக்கிட்டு முன்பக்கத்தை முந்திப் போற கனவு. அதை ஒருத்தி உட்கார்ந்து வேணும்னே செஞ்சு பழகறான்னு தெரிஞ்சப்ப தெருவே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சுது, நானும்தான் சிரிச்சேன்.

சுகுணா பழைய டயருக்குப் புதுத் தோல் ஒட்டற கம்பெனியில பில்லு போடறவ. தெருவுக்கு நடுவாந்திரத்துல அவங்கப்பன் விட்டுட்டுப் போன ஓட்டு வீட்டுல தனியா இருந்தா. சுத்தியும் நல்லா இடம் விட்டுக் கட்டின வீடு, நாலு பக்கமும் காத்து வரும், எங்களுக்கெல்லாம் அந்த இடத்து மேல எப்பவுமே ஒரு கண்ணு. அவ புருசன் ராசிபுரத்துக்காரன், லாரி வெச்சிருக்கறவன், ஒத்து வரலை, பிரிஞ்சுட்டாங்க. பெரியவங்க கூடி உட்கார்ந்து, அவங்க மக வருணிகாவை நடுவுல நிறுத்தி, யாரோட இருக்கறே கண்ணுன்னு கேட்டப்ப அந்தப் புள்ள ஆத்தா மூஞ்சியைப் பார்த்துச்சு, அப்பன் மூஞ்சியைப் பார்த்துச்சு, "அப்பா வீட்டுல கேம் இருக்குது"ன்னுச்சு. அவ்வளவுதான் பஞ்சாயத்து. சுகுணா எந்திரிச்சு வந்துட்டா, மறுநா கம்பெனிக்குப் போயி பில்லு போட்டா.

ஞாயித்துக்கிழமை மட்டும் அப்பன்காரன் கார்ல கொண்டு வந்து தெருமுனையில இறக்கி விடுவான், சாயங்காலம் ஹாரன் அடிப்பான், புள்ள ஓடிரும். வர்ற புள்ளைக்குச் சலிக்கக் கூடாதுன்னு அப்பன் வீட்டுல புதுசு வாங்கினப்ப கழிச்சுப் போட்ட பழைய கேம் ஸ்டியரிங்கையும் பெடலையும் கொண்டு வந்து, சுகுணா வீட்டு மேஜை விளிம்புல திருகி முடுக்கி வெச்சாங்க. திரையில எங்கயோ வெளிநாட்டு மலை, கொல்லிமலை மாதிரியே கொண்டை ஊசி வளைவு மேல கொண்டை ஊசி வளைவு, அதுல புள்ள ஓட்டும், ஒவ்வொரு வளைவுலயும் வண்டி பக்கவாட்டுல புகையைக் கிளப்பிக்கிட்டு வழுக்கிட்டுப் போகும், ஒரு சுவத்துல படாது. ஆத்தாகாரி பக்கத்துல தட்டுல பணியாரத்தை வெச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டே இருப்பா. ஒரு நா புள்ள சொல்லுச்சு, "நீ ஓட்டும்மா." உட்கார்ந்தா. முதல் வளைவுலயே சுவத்துல போய் அப்பிக்கிட்டா. புள்ள உருண்டு உருண்டு சிரிச்சுது, அந்தச் சிரிப்பு என் வீடு வரைக்கும் கேட்டுச்சு.

"வளைவுக்கு முன்னாடி ஹேண்ட்பிரேக்கை ஒரு இழு இழும்மா, பின்னாடி வழுக்கும், வழுக்கட்டும். ஸ்டியரிங்கை விட்டுரு, அதுவே எதிர்ப்பக்கம் சுத்தும். சுத்தி முடிக்கறப்பதான் பிடிக்கணும். ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தே, செத்தே."

"விட்டுட்டா போயிராதா கண்ணு?"

"உனக்கு வராதும்மா, விடு."

சுகுணா என்ன நினைச்சாளோ, எனக்கு வந்துட்டா நீ என்ன தருவேன்னு கேட்டா. புள்ள ஷூ மாட்டிக்கிட்டே, மலை உச்சியில இருந்து அடி வரைக்கும் எதுலயும் இடிக்காம எல்லா வளைவுலயும் வழுக்கிட்டு வந்து காட்டு, நான் உன்கூடவே வந்து இருந்துக்கறேன்னு சொல்லிட்டு ஹாரன் சத்தத்துக்கு ஓடிப்போச்சு. விளையாட்டுக்குச் சொன்னதுன்னு நாங்க சொன்னோம். சுகுணா எங்களைப் பார்த்த பார்வையில, அதுக்கு மேல நாங்க அதைப் பத்திப் பேசலை.

அன்னில இருந்து மத்தியானம் சோத்துக்கு வீட்டுக்கு வர்ற நேரமெல்லாம் அந்த மேஜைதான். எங்க டிரைவருங்க ஜன்னல்ல வந்து நின்னுக்கிட்டு, கையை இறுக்கிப் பிடி, விட்டுராதே, விட்டா குடும்பமே போச்சுன்னு வாழ்க்கை பூரா கத்துக்கிட்டதை எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. அவளும் இறுக்கிப் பிடிப்பா, வண்டி ஒரு சுத்து சுத்தி எதிர்ப்பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்கும். அந்தப் பொண்ணுக்கு எதையுமே விடத் தெரியாது, புருசனையும் அப்படித்தான் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தா. அப்புறம் ஒரு மத்தியானம் சலிச்சுப் போயோ அழுகை வந்தோ கையை விட்டுட்டா. ஸ்டியரிங் தானாச் சுத்துச்சு, நிக்கற நேரத்துல பிடிச்சா, வண்டி கீச்சுனு பக்கவாட்டுல மிதந்துக்கிட்டு வளைவைத் தாண்டுச்சு. அதுக்குத்தான் காளியண்ணன் வீடு திரும்புனது.

ரெண்டாவது கீச்சுக்கு டீக்கடை மணியன் வீடு. மூணாவதுக்கு ஆசாரி வீடு. அதுக்குள்ள எங்களுக்கு விவரம் புரிஞ்சு போச்சு. எப்படி இது ஆகுதுன்னு எங்க தெருவுல ஒருத்தரும் கேட்கலை, கேட்டு என்ன ஆகப்போகுது, கரண்டு எப்படி வருதுன்னு கேட்டா நாம விளக்குப் போடறோம். சுகுணாதான் பதறிப்போயி தேவகி வீட்டுக்கு ஓடி வந்து, "நான்தானுங்க பண்ணிட்டேன் போலிருக்குது, மன்னிச்சுருங்க, அந்தக் கருமத்தைக் கழட்டி வெச்சர்றேன்"னா. தேவகி அவ வாயில சர்க்கரையை அள்ளிப் போட்டா. வாஸ்து பார்க்கறவரு வந்து தெரு பூராவும் நடந்து, வீடு திரும்பறதுக்குச் சாஸ்திரம் இல்லை, ஆனா திரும்பி நின்ன திசைக்குச் சாஸ்திரம் உண்டு, கிழக்கு வாசல் ராஜ வாசல்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அந்த மாசமே காளியண்ணன் தம்பிக்குப் பொண்ணு அமைஞ்சுது, மணியனுக்கு மூட்டு வலி குறைஞ்சுது. அப்புறம் யாரு சும்மா இருப்பா.

லாரி ஆபீஸ்ல லோடுக்கு வரிசை வைக்கிற மாதிரி வீடுகளுக்கு வரிசை வெச்சோம். முந்தி வந்தவனுக்கு முதல்ல, அவசரம்னா பேசி மாத்திக்கலாம், கல்யாணம் வெச்சிருக்கறவங்களுக்கும் பிரசவம் இருக்கறவங்களுக்கும் சலுகை. டேங்கர் லாரி வையாபுரிதான் தெருவுக்குப் பெரிய மனுசன், அவரு முன்னால நின்னு நடத்தினாரு. இடது வளைவுன்னா வடவரிசை வீடு அசையும், வலது வளைவுன்னா தென்வரிசை வீடு, நல்லா வழுக்கினா நல்லாத் திரும்பும், இடிச்சுட்டான்னா பாதியில நின்னுக்கும். வரிசைக்காரங்க தேங்காய் பழத்தட்டோட ஜன்னல்ல நின்னு, "இந்த வளைவு நம்முது அம்மிணி, பார்த்து"ன்னு கெஞ்சுவாங்க. அவளும் பாவம், எப்படியும் பழகியாகணுமே, ஒரு கல்லுல யாருக்கு மாங்கா விழுந்தா என்னன்னு ஓட்டுனா. இப்படித்தான் எங்க தெருவுல வாசல் தெளிக்கற நேரமெல்லாம் மாறிப்போச்சு, தண்ணிக் குழாய் வீட்டோட இழுபட்டு நீண்டுக்கிச்சு, கரண்டு வயரு சுருண்டும் நீண்டும் அதுவாப் பொருந்திக்கிச்சு, போஸ்ட்மேன் நம்பரைப் பார்க்கறதை விட்டுட்டு பேரைக் கூப்பிட்டுக்கிட்டே நடந்தாரு, பூசாரி மட்டும் ஒரு வலது வளைவுல கோயில் கொஞ்சம் நகர்ந்துட்டதா மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு, அப்புறம் தீபாராதனையைச் சாய்ச்சுக் காட்டப் பழகிட்டாரு.

எல்லா வீடும் கிழக்கே பார்த்துருச்சுன்னா ஒவ்வொருத்தன் வாசலும் முன்வீட்டுக்காரன் முதுகைத்தான் பார்த்தாகணும். காலையில கதவைத் திறந்தா அடுத்தவன் கக்கூஸ் குழாய்தான் முழிக்கற முழி. இருந்துட்டுப் போகுது, திசைதானே முக்கியம். என் வீட்டையும் திருப்பினோம். என் பையன் பாடி கட்டற பட்டறையில மேஸ்திரி ஆனான், கிழக்கு வாசல் வந்த எட்டாம் நாள்ல ஆனான், அதுக்கு மேல யாரும் என்கிட்ட வந்து நியாயம் பேச வேண்டாம்.

வீடு திரும்பணும்னா பின்பக்கம் வீச இடம் வேணுமில்ல. அந்த இடம் சுகுணா வீட்டைச் சுத்தித்தான் இருந்துச்சு. ஆசாரி வீட்டுப் பின்பக்கம் அவ துணி துவைக்கற கல்லு மேல வந்து உட்கார்ந்துச்சு. மணியன் வீடு முருங்கை மரத்தை முழுங்கிருச்சு. என் வீட்டுக் குளியலறைச் சுவரு அவ சமையல்கட்டு ஜன்னலோட போய் ஒட்டிக்கிச்சு, அது ஒண்ணும் நான் தள்ளி ஒட்டினதில்லை, அவ ஓட்டுன வளைவு, அவ வழுக்குன வழுக்கு. "அக்கா, ஜன்னல்ல வெளிச்சமே இல்லைங்கக்கா"ன்னு வந்து சொன்னா. "லைட்டைப் போட்டுக்க கண்ணு, பில்லு என்னா பெருசா வந்துரப் போகுது"ன்னேன். அவளும் சரின்னுட்டா, அப்ப அவ நினைப்பெல்லாம் அடிவாரத்துக்கு முந்துன வளைவுலதான் இருந்துச்சு, அதுல மட்டும் வண்டி பின்னால இடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

கடைசியா வையாபுரி வீடு. மாடி வெச்ச வீடு, மேற்கே பார்த்த வீடு. அவரு மகளுக்கு ஈரோட்டுப் பக்கம் நல்ல இடம் தகைஞ்சு, மாப்பிள்ளை வீட்டுல மேற்கு வாசல்ல பொண்ணெடுக்க மாட்டோம்னுட்டாங்க. அந்த மாடி வீடு திரும்பணும்னா அதோட முதுகு சுகுணா வாசலை அடைச்சுக்கிட்டுத்தான் திரும்பும், வேற போக்கில்லை. சுகுணா முதல் தடவையா முடியாதுன்னா. மேஜையில இருந்து ஸ்டியரிங்கைத் திருகிக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு, "மத்த எல்லாப் பக்கமும் விட்டுக் கொடுத்தனுங்க. இந்த ஒரு வாசல் இருக்கட்டுங்க, பாப்பா வர்ற வழி"ன்னா.

"கல்யாணம் முடியற வரைக்கும்தான் அம்மிணி. முடிஞ்ச மறுநா நீயே எதிர்ப்பக்கம் ஒரு வளைவு ஓட்டித் திருப்பிரு. உன்னை என்ன ஜெயில்லயா வைக்கறோம்" அப்படின்னாரு வையாபுரி.

"மாட்டனுங்க."

தெருவே போய்ச் சொல்லிப் பார்த்துச்சு. ஒரு பொண்ணோட வாழ்க்கையில்லையா அது, நீயும் ஒரு பொண்ணைப் பெத்தவதானேன்னு நானே போய்க் கேட்டேன். அசையலை. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். இத்தனை பேரு சிரிச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கோம், ஒரு ஓட்டு வீட்டுக்காரிக்கு இத்தனை அழும்பான்னு.

வையாபுரி சும்மா டேங்கர் ஓட்டிப் பெரிய மனுசன் ஆகலை. ராசிபுரத்துக்காரனுக்குப் போன் போட்டாரு, நேரங்கெட்ட ஒரு கிழமையில புள்ளையை வரவழைச்சாரு. நாங்க வாசல்ல கூடி நிக்க, வருணிகா துள்ளிக்கிட்டு உள்ள போச்சு. "வந்துருச்சாமே உனக்கு, எல்லாரும் சொல்றாங்க. ஓட்டிக் காட்டும்மா." சுகுணா எங்களை ஒரு தடவை பார்த்தா. ஸ்டியரிங்கை எடுத்து மேஜையில முடுக்குனா. அதுதானுங்க பெத்த மனசு, அந்த நேரத்துல அவ மேல எனக்கே கொஞ்சம் பிரியம் வந்துச்சு.

ஓட்டுனா. மாடி வீடு கனமில்ல, மத்த வீடு மாதிரி ஒரே வளைவுல திரும்பலை, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு முழம், ஒரு முழம்னு முதுகைக் காட்டிக்கிட்டு அசைஞ்சு வந்துச்சு, வாசல் கோலத்தை மிதிச்சுது, படியை மிதிச்சுது. பாதி மலை இறங்கறதுக்குள்ள தெருமுனையில ஹாரன் அடிச்சான் அப்பன்காரன். "இரு கண்ணு, இன்னும் கொஞ்சம்தான், முடிஞ்சிருச்சு"ன்னு திரையில இருந்து கண்ணை எடுக்காமச் சொன்னா சுகுணா. "நீ ரொம்ப ஸ்லோம்மா. அப்பா திட்டும்"னுட்டு புள்ள, வாசலுக்கும் வையாபுரி வீட்டுச் சுவத்துக்கும் நடுவுல மிச்சமிருந்த சந்துல ஒருக்களிச்சு வெளிய வந்து, எங்களுக்கு டாட்டா காட்டிட்டு ஓடிப்போச்சு. சுகுணாவும் பின்னாலயே எந்திரிச்சு ஓடியிருக்கலாம். ஓட்டி முடிச்சுட்டுக் கூப்பிடலாம்னு நினைச்சா. அடிவாரத்துக்கு முந்துன வளைவுல எப்பவும் போல இடிச்சா, எந்திரிச்சு வந்து கதவைத் திறந்தா, புதுசா சுண்ணாம்பு அடிச்ச வையாபுரி வீட்டு முதுகு மூக்குல உரசுற மாதிரி நின்னுச்சு.

கல்யாணம் நல்லா நடந்துச்சு. பந்தியில மூணு வகைப் பாயசம். மறுநா வாஸ்துக்காரரு, கல்யாணமான வருசத்துல வீட்டை அசைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு, அதுக்கு வையாபுரி என்ன பண்ணுவாரு. சுகுணாவே ரெண்டு நா அழுதுக்கிட்டே எதிர்ப்பக்கம் ஓட்டிப் பார்த்தா, வலது ஓட்டினா, இடது ஓட்டினா, கீச்சு கீச்சுனு மலையே கரைஞ்சு போற மாதிரி ஓட்டினா, ஒரு வீடும் அசையலை. அசைய இடம் வேணுமே. சட்டியில அடுக்கின கொழுக்கட்டை மாதிரி நாங்க எல்லாரும் அவளைச் சுத்தி நெருக்கி உட்கார்ந்துட்டோம்.

போன் இருந்துச்சே, யாரையாவது கூப்பிடறதுன்னு நீங்க கேட்பீங்க. கூப்பிட்டா. ராசிபுரத்துக்காரன், "ஆரம்பிச்சுட்டயா உன் நாடகத்தை"ன்னு வெச்சுட்டு, அப்புறம் எடுக்கவே இல்லை. ஏதோ ஒரு ஆபீஸ்ல இருந்து ஒருத்தரு வந்தாரு, நல்ல மனுசன், தெருவைச் சுத்திச் சுத்தி வந்தாரு, புகார் கொடுத்த வீட்டுக்கு வாசல் எதுன்னு கேட்டாரு. வாசல் இல்லீங்கன்னோம். வாசல் இல்லாத வீட்டுக்குள்ள போய் எப்படிங்க விசாரிக்கறதுன்னு நாயமாத்தான் கேட்டாரு, என் வீட்டுல மோரு குடிச்சுட்டுப் போயிட்டாரு. கம்பெனியில வேற பொண்ணைப் போட்டுக்கிட்டாங்க.

அவளை நாங்க பட்டினி போடலை, அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம். ஓட்டுல ஒண்ணு ரெண்டைப் பிரிச்சு, முறை வெச்சு, கயித்துல கட்டிச் சோறும் குழம்பும் இறக்குனோம், அமாவாசைக்கு வடை கூட இறக்கியிருக்கேன். அந்த வழியா ஏறி வரலாமேன்னு தேவகி ஒரு நா என்கிட்டக் கேட்டா. வாஸ்தவம்தான், ஆனா அதுக்குள்ள வையாபுரி குரங்கு வருதுன்னு சோத்துத் தட்டு நுழையற அளவுக்கு ஒரு இடுக்கு மட்டும் விட்டு, ஓட்டு மேல இரும்புக் கம்பி வலை போட்டுட்டாரு. எங்க தெருவுல நான் குரங்கைப் பார்த்ததில்லை. தேவகிகிட்ட, போட்டவருக்குத் தெரியாதா உனக்குத் தெரிஞ்சுது, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருன்னேன்.

சுகுணா முதல்ல கத்துனா. கீழ இருந்து கத்தினா அது வீடுகளோட முதுகுலயே பட்டு உதிர்ந்துரும், எங்களுக்கு ஈ முனகற மாதிரிதான் கேட்கும். ஆனா அந்த டயர் கீச்சு மட்டும் எல்லாச் சுவத்தையும் தொளைச்சுக்கிட்டு தெருமுனை வரைக்கும் வந்துச்சு, அது ஏன்னு எனக்குத் தெரியாது. அவளும் அதைக் கண்டுக்கிட்டா. கத்தறதை நிறுத்திட்டு ஓட்ட ஆரம்பிச்சா. புள்ளைக்கு முழுப்பரீட்சை, அப்புறம் லீவு, அப்பன் ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போயிட்டான், ரெண்டு மாசம் ஞாயித்துக்கிழமையெல்லாம் சும்மாவே போச்சு. அவ மட்டும் ஞாயித்துக்கிழமை ஆனா சத்தத்தைக் கூட்டி வெச்சுக்கிட்டு காலையில இருந்தே ஓட்டுவா. என் முறை வந்து கயித்தை இறக்கறப்பெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவா. "அக்கா, பாப்பா வந்துச்சுன்னா நான் உள்ளதான் இருக்கேன்னு சொல்லுங்கக்கா. எங்கயும் போகலைன்னு சொல்லுங்கக்கா." சொல்றேன் கண்ணுன்னு நானும் ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

அந்த ரெண்டு மாசத்துல அவளுக்கு வந்துருச்சு. எங்க தெருவுல சின்னக் குழந்தைக்குக் கூடக் காதுலயே தெரிஞ்சுது. அடிவாரத்துக்கு முந்துன வளைவுல டமால்னு கேட்கற சத்தம் ஒரு நா கேட்கலை, மறுநாளும் கேட்கலை. உச்சியில ஆரம்பிச்சு அடி வரைக்கும் ஒரே கீச்சா, ஒரு இழையா, எங்கயும் அறுபடாம இறங்குவா, முடிச்சுட்டு மறுபடி உச்சிக்குப் போவா. வண்டி ஓட்டிப் பழம் தின்னு கொட்டை போட்ட எங்க ஆம்பளைங்க எல்லாம் திருந்தி உட்கார்ந்து கேட்டாங்க. காளியண்ணன், "இதுக்கு மேல இதுல கத்துக்க ஒண்ணுமில்லை"ன்னு டீ கிளாஸைக் கீழ வெச்சான்.

வருணிகா ஒரு ஞாயித்துக்கிழமை வந்துச்சு. நான் வாசல்ல மிளகாய் காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். புள்ள வளர்ந்துருச்சு, முட்டிக்கு மேல நின்ன பாவாடை இன்னும் மேல ஏறியிருந்துச்சு. தெருவுல அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடி வரைக்கும் நடந்துச்சு, திரும்பி வந்துச்சு, முதுகும் முதுகுமா இருக்கற வீடுகளுக்கு நடுவுல எட்டி எட்டிப் பார்த்துச்சு. அப்புறம் என்கிட்ட வந்து நின்னுச்சு.

"பெரியம்மா, எங்கம்மா வீடு எங்க?"

என் மனசுல அப்ப எத்தனை ஓடுச்சு தெரியுமா. உள்ள இருக்கான்னா புள்ள அழும், அப்பன் வருவான், ஊரைக் கூட்டுவான், கடப்பாரை எடுப்பாங்க, யாரு வீட்டுச் சுவத்தை முதல்ல இடிப்பாங்க, ஜன்னலோட ஒட்டிக்கிட்டு நிக்கற சுவரு யாரோடது. என் பையனுக்கு அப்பத்தான் ஒரு ஜாதகம் பொருந்தி வந்திருக்குது.

"உங்கம்மா இங்க இல்லை சாமி. திருப்பூர்ல நல்ல வேலை கிடைச்சுப் போயிட்டா. வீட்டையும் கொடுத்துட்டுப் போயிட்டா."

"என்கிட்டச் சொல்லவே இல்லையே."

"அவசரமாப் போயிருப்பா கண்ணு."

புள்ள மூஞ்சி சுருங்குச்சு. கீழ் உதட்டைக் கடிச்சுக்கிட்டு, அழலாமா வேண்டாமான்னு நின்னுச்சு. அந்த நேரத்துல சுவத்துக்குப் பின்னால இருந்து கீச்சு கிளம்புச்சு. உச்சியில இருந்து ஆரம்பிக்கறா. புள்ள தலையைத் தூக்கிக் காதைச் சாய்ச்சுச்சு. ஒரு வளைவு, அடுத்த வளைவு, அதுக்கு அடுத்தது. அந்தச் சின்னக் கை தானா காத்துல ஸ்டியரிங்கை விட்டுப் பிடிச்சுது, விட்டுப் பிடிச்சுது. அடி வரைக்கும் நின்னு கேட்டுச்சு.

"யாரு பெரியம்மா ஓட்டறது?"

"எங்க பையன்தான்."

"சூப்பரா ஓட்டறாங்க. ஒரு இடத்துல கூட இடிக்கலை. நான்கூட இப்படி ஓட்ட மாட்டேன்." அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "எங்கம்மாவா இருந்தா இந்நேரம் நாலு தடவை இடிச்சிருக்கும்"னுச்சு. ஒரு காஞ்ச மிளகாயை எடுத்து விரல்ல உருட்டிப் பார்த்துட்டு வெச்சுட்டு, தெருமுனையில நின்ன கார்ல போய் ஏறிக்கிச்சு. கார் திரும்பறப்ப கண்ணாடியை ஏத்திக்கிட்டாங்க.

அன்னிக்கு மத்தியானம் என் முறை. என் வீட்டு மொட்டை மாடியில ஏறி, வையாபுரி வீட்டுக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி, கம்பி வலை இடுக்குல கயித்தை இறக்குனேன். தட்டைக் கழட்டறதுக்கு முன்னால கேட்டா.

"அக்கா, கார் சத்தம் கேட்டுச்சே. பாப்பா வந்துச்சா?"

"வந்துச்சு."

"நான் ஓட்டுனது அதுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. அடி வரைக்கும் நின்னு கேட்டுச்சு. சூப்பரா ஓட்டறாங்க, நான்கூட இப்படி ஓட்ட மாட்டேன்னு சொல்லுச்சு." இதுல ஒரு வார்த்தை பொய்யில்லை.

சோத்துத் தட்டு அப்படியே தொங்கிக்கிட்டு இருந்துச்சு. கீழ அலமாரி திறக்கற சத்தம் கேட்டுச்சு, அவ என்னமோ தேடற சத்தம், ஒரு சிரிப்பா அழுகையான்னு தெரியாத சத்தம். "அக்கா, அதோட துணியெல்லாம் ரொம்ப நாளா மடிச்சே கிடக்குதுங்கக்கா. பூஞ்சை வாடை அடிக்குது. மேல தூக்கிக் கொஞ்சம் வெயில்ல போட்டுத் தர்றீங்களா. வந்தா உடுத்தணுமில்ல."

கயித்துல கட்டி அனுப்புனா, தூக்குனேன். சின்னச் சின்னக் கவுனு, பட்டுப் பாவாடை ஒண்ணு, காது வெச்ச குல்லாய் ஒண்ணு. இப்ப அந்தப் புள்ள நிக்கற உசரத்துக்கு எதுவும் பத்தாது. அதை நான் அவகிட்டச் சொல்லலை. என் வீட்டு மாடியில கொடி கட்டி ஒவ்வொண்ணாக் காயப் போட்டேன், கிழக்கே திறந்த மாடி, வெயிலுக்குக் குறைச்சலில்லை, காபி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள எல்லாம் காஞ்சிருச்சு.